சும்மா சூடாகிற பெட்டி

நொச்சிக்காட்டுவலசுப் பழைய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன் செத்து, எரித்து, சாம்பலைக் காவேரியில் கரைத்துவிட்டு வந்த ஒன்பதாம் நாள் காலையில், யார்டு கூட்டப் போன பெண்கள் அவன் மேக்னட்டுக்கு அடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவைத்து, "ஏனுங்ணா, டீ குடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று அவன் தலையாட்டினான். ஆட்டியபோது தாடைப் பக்கம் கொஞ்சம் உதிர்ந்து, உதிர்ந்தது தரைக்குப் போகாமலே திரும்பி ஏறி ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷமாக யார்டில் கொட்டிக்கிடந்த இரும்புத் தூளும் துருவும் திரண்டு எழுந்து, வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல் அவன் நிற்கிற நிலை, அரைக்கைச் சட்டை, காதில் செருகிய பீடி வரைக்கும் ஒன்று விடாமல் அவனாகவே ஆகியிருந்தது. பெண்கள் அவன் நிற்கிற இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் பெருக்கி முடித்து, இன்றைக்குக் குப்பை குறைச்சல்தான் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மேக்னட் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குண்டூசி பொறுக்குகிற லாடம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடிகிற இரும்பு வட்டம் அது, கல்யாண வீட்டு அண்டா மூடி மாதிரி கிரேன் சங்கிலியில் தொங்கும், உள்ளே செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய காயில் இருக்கும், கரண்டு விட்டால் லாரி இன்ஜினையே கவ்வித் தூக்கும், நிறுத்தினால் போட்டுவிடும். அந்தக் காயிலைக் கட்டியவள் துளசிமணி, சென்னியப்பனுக்கு அக்கா, அந்தச் சுற்று வட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரே பொம்பளை. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போனபோது தம்பிக்கு ஒன்பது வயசு, அவளுக்குப் பதினாறு. அவனை ஆளாக்கிவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவள்தான், தள்ளித் தள்ளிக் கடைசியில் கல்யாணம் அவளைத் தள்ளிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.

சென்னியப்பன் செத்தது மேக்னட் ஸ்விட்சை இறக்கும்போது. கைப்பிடியை அவன் கீழே இழுத்த இடத்தில் நீலமாக ஒரு ஜுவாலை கிளம்பி அவன் நெஞ்சுக்குள் போயிற்று, அவன் விழுந்தான், கைப்பிடி தானாகத் துள்ளித் திரும்பவும் மூடிக்கொண்டது. அன்றைக்கே கரண்ட் ஆபீஸில் இருந்து வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கரண்டு இல்லாவிட்டால் மேக்னட் பிடியை விட வேண்டும், அதுதான் முறை. விடவில்லை. கடைசியாகத் தூக்கின லாரி அச்சைப் பிடித்த பிடியில் பிடித்துக்கொண்டே தொங்கியது, கேபினில் இருந்த மீட்டர் முள் படுக்கவே இல்லை, யாரும் ஊட்டாமலே அந்தக் கரண்டு செப்புக் கம்பிக்குள் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே கிடந்தது. ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

துளசிமணி யார்டுக்கு ஓடி வந்தாள். பன்னிரண்டடி தூரத்தில் வந்ததுமே அவள் கொண்டையில் இருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்துபோய் மேக்னட்டில் ஒட்டின, கொண்டை அவிழ்ந்து விழுந்தது, இழவு வீட்டில் நிற்கிற கோலத்தில் தலைவிரியாகத் தம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா," என்றான் அவன். முறத்தில் எள்ளைப் புடைக்கிற சத்தத்தில் இருந்தது குரல்.

"சாமி," என்றாள் அவள்.

"சாப்டியாக்கா?"

அவள் சாப்பிட்டு ஒன்பது நாளாகியிருந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவள் சொன்ன பொய்யில் அது சின்னது, பெரியது ஒன்று அவள் கடையில் பெஞ்சுக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது, ஒளித்து வைத்துக் கதை சொல்கிற பழக்கம் நமக்கு இல்லை.

காயிலுக்குள் போன கரண்டு வீட்டுக்கு விருந்தாட வந்த ஒறம்பரை மாதிரி, வா என்றால் மெதுவாகத்தான் வரும், போ என்றால் உடனே கிளம்பாது. பட்டென்று கதவைச் சாத்தினால் சாத்துகிறவன் மேலேயே பாயும். அதனால் அது போய்ச்சேர வேறொரு வழியைப் பக்கத்திலேயே திறந்து வைத்திருப்பார்கள், ஆள் சுமக்கத் திணறுகிற கனத்தில் ஒரு கல்பலகை, அதில் வரிசையாகப் பீங்கான் உருளைகள், உருளைகளில் சுருள்கம்பி, மேலே ஒரு தகர மூடி. ஸ்விட்சை இறக்கினால் மிச்ச வேகமெல்லாம் அந்தக் கம்பியில் ஓடிச் சூடாகி ஆறி அடங்கிவிடும். தூக்காது, இறக்காது, சுற்றாது, அதற்கு வேறு ஒரு வேலையும் கிடையாது, யார்டில் அதற்குப் பேரே சும்மா சூடாகிற பெட்டி. அதன் மேல் நிலக்கடலை வறுத்தார்கள், மழைக்காலத்தில் துண்டு காயப்போட்டார்கள், அவ்வளவுதான் அதற்கு இருந்த மரியாதை.

ஐப்பசி அடைமழையில் துளசிமணிக்குத் தீபாவளி ஆர்டர் ஓட்டுகிற தறிக்காரர்களின் மோட்டார் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து குவிந்தது, கட்டின காயிலுக்குப் பூசிய வார்னிஷ் ஈரத்தில் காயவே மாட்டேன் என்றது, வார்னிஷ் காய வைக்கிற அடுப்பும் அந்த நேரம் பார்த்துக் கருகிப்போனது. "ரெண்டு நாளைக்கு உம்பட பெட்டியக் குடு சாமி," என்று தம்பியிடம் கேட்டாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொண்டுவந்து இறக்கினான். "வெச்சுக்கக்கா, சும்மா சூடாகிட்டுத்தானெ கெடக்குது. ரெண்டு நாளைக்கு நான் பதனமா ஓட்டிக்கறேன்." இரண்டு நாள் பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் காலையில் அவனுடைய பதனம் ஒரு கண் இமைக்கிற நேரம் தவறியது.

அவன் செத்த பிறகு யார்டு முதலாளி நாச்சிமுத்து வந்து பார்த்தார், பெட்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருந்தது. செப்புக்கு ஆசைப்பட்டு எவனோ களவாடிவிட்டான், அதனால்தான் ஒரு உசுரே போச்சு என்று முடிவுகட்டி, வாட்ச்மேன் ஆறுச்சாமியைக் கண்டபடி பேசி வேலையை விட்டு நிறுத்தினார். துளசிமணி அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் தம்பியைக் கொன்றவள் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள், அப்புறம் ஒரு நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தாள், ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் இறுகிப்போயிற்று.

ஊர் இருக்கிறதே, அது எதையும் மூன்று நாளில் பழகிக்கொள்ளும். முதல் நாள் எல்லாரும் சென்னியப்பனைப் பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் அவனிடம் பேச வந்தார்கள், மூன்றாம் நாள் யார்டு வாசலில் ஒருத்தன் போண்டாக் கடை போட்டான். பெரிய குழப்பம் வந்தது கருமாதி விஷயத்தில்தான். ஆள் நின்றுகொண்டிருக்கும்போது கருமாதி கும்பிட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகாதா என்றது ஒரு கட்சி, எரித்துவிட்டுக் கருமாதி பண்ணாமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றது இன்னொரு கட்சி, எதற்கும் பொறுத்துப் பார்ப்போம் என்று மூன்றாவதாக ஒரு கட்சி சொன்னதும் எல்லாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள், வேலை மிச்சம் பாருங்கள். சென்னியப்பன் பொண்டாட்டி வளர்மதி காலையிலும் சாயங்காலமும் யார்டுக்குள் நுழையும்போது பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள், வெளியே வந்ததும் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாலியறுத்தவள் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான்.

அப்புறம் தறிக்கார வீட்டு மருமகள் ஒருத்தி, இருபத்துமூன்று வயசு இருக்கும், பிறந்து நாற்பது நாளில் போன குழந்தையின் தொட்டில் கொக்கியைக் கொண்டுவந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினாள், கொக்கி பறந்துபோய் மேக்னட்டில் ஒட்டியது, கொஞ்ச நேரத்தில் இடுப்புயரத்தில் காற்றில் ஒரு பிடி இரும்புத் தூள் திரண்டு, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. சைக்கிள் பெல்லைக் கொண்டுவந்தார்கள், பாக்குவெட்டியைக் கொண்டுவந்தார்கள், தையல் மிஷின் ஊசியைக் கொண்டுவந்தார்கள், டிரில் வாத்தியாரின் விசிலைக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு இரும்புக்கும் ஒருத்தர் எழுந்து நின்றார்கள், நின்றவர்கள் எல்லாம் செத்தபோது எதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்களோ அதையே பேசினார்கள். வாத்தியார் வந்தவர்களை எல்லாம் உயர வரிசையில் நிற்கச் சொன்னார். ஒரு மாசத்தில் அறுபத்துமூன்று பேர் ஆனார்கள். நாயன்மார் கணக்கு முடிந்தது, இனிமேல் கதவைச் சாத்துங்கள் என்று நாச்சிமுத்து சொல்லிப் பார்த்தார், யார் கேட்கிறார்கள்?

ஒவ்வொருத்தர் வர வர மேக்னட்டின் பிடி வளர்ந்தது. வருகிறவர்களின் அழுகைதான் அதற்குத் தீனியோ என்னவோ, பன்னிரண்டடியாக இருந்த வட்டம் யார்டு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது. பஸ்காரர்கள் நூறு அடி தள்ளியே நிறுத்தினார்கள். முடி வெட்டுகிற கடையில் கத்தரியைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு வெட்டினார்கள், வெட்டு எல்லாத் தலையிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, அதுவே ஸ்டைல் ஆகிப் பக்கத்து ஊர்ப் பையன்கள் தேடி வந்தார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் அசல் எது, போலி எது என்பதை மேக்னட்டே பிரித்துச் சொல்லிவிட்டது, அசல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது, போலி ஜன்னல் வழியாகக் கிளம்பிப் போனது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த சீர்ப் பாத்திரம் கிளம்பிப் போனதில் இரண்டு சம்பந்தி வீடுகளுக்கு இன்றைக்கு வரைக்கும் பேச்சு இல்லை. இதற்கெல்லாம் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் ஜனம் யார்டில்தான் கிடந்தது. செத்துப்போனவர்களோடு உட்கார்ந்து விலைவாசி பேசிவிட்டு வீட்டுக்குப் போவதில் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதியை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

துளசிமணிக்கும் அந்த நிம்மதி இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து தம்பி பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள், இருவரும் வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள், பெட்டியைப் பற்றி அவளும் பேச மாட்டாள், அவனும் பேச மாட்டான். தம்பி இருக்கிறான், தூளோ துருவோ எதுவாகவோ இருக்கிறான், கூப்பிட்டால் அக்கா என்கிறான், அது போதும் என்று ஒரு மாசம் இருந்தாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் அவள் மூக்கில் அந்த வாசம் பட்டது. வார்னிஷ் கருகுகிற வாசம். மற்றவர்களுக்கு அது போண்டா எண்ணெயாகத் தெரிந்திருக்கும். காயில் கட்டுகிறவளுக்கு அது தன் வீட்டுக் குழந்தை இருமுகிற சத்தம். அந்தக் காயிலில் அடியில் இருந்து இரண்டாவது அடுக்கில் கம்பி பத்தாமல் அவளே போட்ட ஒரு ஜாயிண்ட் இருந்தது, யார்டின் பளுவுக்கு அது தாங்கும் என்று போட்டது, அறுபத்துமூன்று பேரின் பளுவுக்குப் போட்டதல்ல. அது விட்டுப்போனால் இத்தனை நாள் சேர்ந்த வேகமும் விட்ட இடத்தில் ஒரே குதியாகக் குதிக்கும். காயிலின் பலம் செம்பில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிற வெறும் காற்றில்தான் இருக்கிறது. அந்தக் காற்றுக்குள்தான் செத்தவர்களும் நின்றார்கள், அவர்களைச் சுற்றி உயிரோடு இருக்கிற நூறு இருநூறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரை நாச்சிமுத்து கூட்டிவந்தார். இளவட்டம், ரப்பர் கையுறை போட்டிருந்தார், கம்பி வெட்டுகிற பெரிய இடுக்கியை இரண்டு லைன்மேன்கள் மேக்னட் இழுக்காமல் கயிறு போட்டுப் பிடித்திருந்தார்கள்.

"சப்ளையே இல்லாத கம்பிம்மா," என்றார் அவர். "ஒரு வெட்டு. முடிஞ்சது."

துளசிமணி போய்க் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வெட்டுனீங்கன்னா உங்களையும் சேத்து இங்கதான் நிக்க வெக்கோணும் சார். போறதுக்கு வழியக் காட்டாம நிறுத்துனா அது நிக்காதுங்க. பாயும். எந்தம்பிய அப்படித்தான் அடிச்சுது."

"அப்ப வேற என்னதான் பண்றது?"

"பெட்டியச் சேத்தோணும். அது வழியா மெதுவா விடோணும்."

"அந்தப் பெட்டிதான் களவு போயிருச்சே அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "அதே மாதிரி செஞ்சு வாங்கறதுன்னா ரெண்டு மாசம் ஆகுமாம்."

எல்லாரும் துளசிமணியைப் பார்த்தார்கள். அவள் கம்பியில் இருந்து கையை எடுத்தாள், வெட்ட மாட்டேன் என்று இன்ஜினியரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தம்பி நிற்கிற இடத்துக்குப் போனாள்.

"வாசம் வருதுக்கா," என்றான் அவன்.

"தெரியுது சாமி."

"இன்னும் எத்தன நாளு தாங்கும்?"

"ரெண்டு நாளு. மூணு நாளுங்கறது சாமி புண்ணியம்."

"பெட்டிய எடுத்துட்டு வந்துருக்கா."

ஒரு மாசத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது. துளசிமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எடுத்துட்டு வந்தா நீ போயிருவயே. நான் யாரப் பாத்துட்டு இருக்கறது? மறுக்கா மறுக்கா உன்னைய நானே கொல்லோணுமா?"

"எடுத்துட்டு வராட்டி அந்தப் புள்ளையும் போயிரும்," என்று அவன் தொட்டில் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மருமகளைக் காட்டினான். "வளர்மதியும் போயிருவா. நீயும் போயிருவே. கேட்டா நான்தான் கழட்டிக் குடுத்தேன்னு சொல்லீரு. செத்தவன் மேல பழிய வெச்சா யாருக்கு என்ன நட்டம்?"

"அதச் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். "கேட்டவ நானு."

மறுநாள் விடியும்போதே அவள், மேக்னட் இழுத்துவிடும் என்று பெட்டியின் தகர மூடியைக் கழற்றிக் கடையிலேயே போட்டுவிட்டு, கல்பலகையை மட்டும் மரத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே சாக்கைப் போர்த்தாமல், கடைவீதி வழியாகவே தள்ளிக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்திவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். யார்டுக்கு நடுவில் வண்டியை நிறுத்தியபோது வளர்மதி குழாயடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி களவு போகலீங்க," என்றாள் துளசிமணி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என்ற கடையிலதான் இருந்துச்சு. நான்தான் கேட்டு வாங்குனேன். ரெண்டு நாளுன்னு சொல்லிப் பதினோரு நாளு வெச்சிருந்தேன். ஆறுச்சாமியண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க, அவரக் கூப்பிட்டு வேலையக் குடுங்க."

வளர்மதி மெதுவாக நடந்து வந்தாள். பொட்டு பாதிதான் வைத்திருந்தாள்.

"அவரு திருப்பிக் கேக்கலீங்களா, நங்கையா?"

புருஷனின் அக்காவை அவள் கல்யாணமான நாளில் இருந்து நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். இந்தத் தடவை அந்தச் சொல்லில் ஒரு ஒட்டும் இல்லை.

"கேட்டான். பெட்டி வாங்குன ஒம்பதாம் நாளு போன் பண்ணிக் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குக் கொண்டாறேன்னு சொன்னேன்."

வளர்மதி அழவில்லை, ஏசவில்லை. அந்தக் கல்பலகையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "அவருக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுதான் இத்தன நாளா எங்கிட்டச் சொல்லாம நின்னாரா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் சென்னியப்பன் பக்கம் போய்விட்டாள். புருஷன் பொண்டாட்டி பேசிக்கொண்டதை நாம் ஒட்டுக் கேட்க வேண்டாம்.

துளசிமணி வேலையை ஆரம்பித்தாள். ஒரு பெட்டி ஒரு தூக்குக்குச் செய்தது, இத்தனை பேரின் வேகத்தையும் அதில் விட்டால் அதுவே உருகி வழிந்துவிடும், உருகாமல் இருக்க வேண்டுமானால் வருகிற சூட்டை வர வர யாராவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதைச் சொன்னதும் பொம்பளைகள்தான் வழி கண்டுபிடித்தார்கள். கருமாதியே பண்ணாமல் அறுபத்துமூன்று பேர் நிற்கிறார்கள், ஒட்டுக்காக எல்லாருக்கும் கருமாதிச் சோறு இந்தச் சூட்டிலேயே ஆக்கிவிடுவோம் என்றார்கள். மண்பானை வந்தது, பித்தளைக் குண்டா வந்தது, அசல் எவர்சில்வர் என்று நிரூபித்துக்கொண்ட பாத்திரங்களும் தலை நிமிர்ந்து வந்தன. கல்பலகையின் மேல் அரிசியும் பருப்பும் தண்ணீருமாகப் பாத்திரங்கள் உட்கார்ந்தன, வேக வேக இறக்கிவிட்டு அடுத்ததை வைக்க வரிசையாக ஆட்கள் நின்றார்கள், வரிசையை டிரில் வாத்தியார் பார்த்துக்கொண்டார்.

செப்புக் கம்பியைப் பெட்டிக்கும் காயிலுக்கும் இணைத்து முடித்துவிட்டு அவள் ஸ்விட்சுக்குப் போனாள், தம்பி செத்த அதே இடம், அதே கைப்பிடி. முதலில் வழி, பிறகு கதவு, அதுதான் முறை, முறைப்படிதான் செய்திருக்கிறாள். பெட்டிக்குப் போட்ட இணைப்பு சரியாகச் சேரவில்லை என்றால் இப்போதே தெரிந்துவிடும். ஒரு நிமிஷம், சரியாகச் சேராமல் இருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். பிறகு பானைகளைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஜுவாலை வரவில்லை. வீட்டு விளக்கை அணைக்கிற சத்தம்தான் வந்தது. பலகைமேல் சுருள்கம்பி முனகிக்கொண்டே சிவந்தது, பானைகளின் அடியில் தண்ணீர் சலசலத்தது.

இந்த வேகம் இறங்குவதில் ஒரு கணக்கு உண்டு. முதல் மணி நேரத்தில் பாதி போகும், அடுத்த மணி நேரத்தில் மிச்சத்தில் பாதி, அதற்கடுத்து அந்த மிச்சத்திலும் பாதி. சீக்கிரம் போகிறதே என்று நெஞ்சு பதறும், அப்புறம் இன்னும் போகவில்லையே என்று இழுத்துக்கொண்டு கிடக்கும். முதல் பானை பொங்கும்போது பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் சட்டைப்பையில் சாவி படுத்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் தொட்டிலுயரத்துக் குழந்தையின் கால் உதைப்பு மெதுவாகியது. அந்த மருமகள் ஒரு கையால் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இன்னொரு கையைக் குழந்தைக்கு அடியில் ஏந்தி நீட்டியிருந்தாள், தூள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கையில் வந்து இறங்கிச் சேர்ந்தது, சோறு அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டாள். பாக்குவெட்டிக்காரர் பேச்சுக்கு நடுவில் போனார். வாத்தியார் கடைசி ஆள் வரிசையில் வருகிறவரைக்கும் இழுத்துப் பிடித்திருந்துவிட்டு, கலைந்து போகலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொருத்தர் போகும்போதும் அவரவர் ஆட்கள் சத்தம் போட்டு அழுதார்கள், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவர் பானையை இறக்கக் கை கொடுத்தார்கள்.

பொழுது சாயும்போது சென்னியப்பன் மட்டும் பாக்கி இருந்தான், அதுவும் முட்டிவரைக்கும் உதிர்ந்து, நெஞ்சுக் குழிவழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிகிற மாதிரி. வளர்மதி அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். துளசிமணி மீட்டரையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எட்டி நின்றாள், கிட்டே போகத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன்தான் கூப்பிட்டான்.

"அக்கா, சூடு எப்படி?"

"அளவாத்தான் இருக்குது."

"கம்பி?"

"நெறம் மாறீருச்சு. கருப்புக்கு வந்துருச்சு."

"நல்லாக் கட்டியிருக்கறக்கா," என்றான். "ஜாயிண்ட் தாங்கிருச்சு பாரு."

பாதியில் பாதி, அதில் பாதி என்று போகிற கணக்கு என்றைக்கும் முடியாது, முள் படுத்த மாதிரி இருக்கும், முழுசாகப் படுக்காது, யாராவது போதும் என்று சொல்லிக் கம்பியை எடுக்க வேண்டும். துளசிமணி ரொம்ப நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜனம் சாப்பிடாமல் காத்திருந்தது. கடைசியில் வளர்மதி எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எடுத்துருங்க. நான் தொட மாட்டேன்," என்றாள்.

துளசிமணி கம்பியை எடுத்தாள். கடுகு வெடிக்கிற அளவுக்கு ஒரு பொறி. சங்கிலி ஆடியது, லாரி அச்சும் கொண்டை ஊசிகளும் கொக்கியும் விசிலும் ஒட்டுமொத்தமாக விழுந்த சத்தம் ஊர் எல்லை வரைக்கும் கேட்டது. சென்னியப்பன் நின்ற இடத்தில் இரும்புத் தூள் ஒரு முறம் அளவுக்குக் கிடந்தது, காற்றடித்தால் கொஞ்சம் நகர்ந்தது. துளசிமணி அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு, ஒரு மாசமாக அழாத அழுகையை எல்லாம் அழுதாள். யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து ஜனம் கலையும்போது அவள் எழுந்து கல்பலகையைத் தொட்டுப் பார்த்தாள், தூக்கலாம் போல ஆறியிருந்தது. விடுங்க அம்மிணி, இந்த மேக்னட்டே இனி வேண்டாம், எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் நாச்சிமுத்து. எடைக்குப் போட்டாலும் எவனோ வாங்கி ஓட்டுவான், பெட்டி இல்லாமல் அதை விட மாட்டேன் என்று அவள் பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தூணில் இருந்த நாலு ஓட்டைக்கு நேராக நிமிர்த்தினாள். கனம் தாங்கவில்லை. இரண்டு கையும் பலகையைப் பிடித்திருக்கும்போது போல்ட்டை எந்தக் கையால் போடுவது? நழுவியது, மறுபடி தூக்கினாள், மறுபடி நழுவியது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர ஒருத்தரும் அசையவில்லை, காலையில் கேட்டதை அவர்கள் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

பலகை திடீரென்று லேசானது. கீழே குனிந்து பார்த்தாள். பலகையின் மறுமுனையில் வளர்மதி அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்திருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்திருந்தாள், நெற்றி கழுவித் துடைத்த நெற்றியாக இருந்தது.

"மன்னிச்சுப்போட்டேன்னு நெனைச்சுக்காதீங்க," என்றாள். "முடுக்குங்க."

துளசிமணி முடுக்கினாள்.